நிறுத்தி வைத்த குரல்

பிப்ரவரி 3

அண்ணா அவர்களுக்கு,

இதுவரை நான் வாயைத் திறக்காமல் இருந்தது போதும். மழைக்காலம் தொடங்கும் முன் உங்கள் வீட்டுக் கூடத்தில், வந்தவர்கள் அத்தனை பேர் எதிரிலும், என்னைப் பார்த்துக் “கிளம்பு” என்று சொன்னீர்கள். நான் செய்து கொடுத்த குரலாலேயே சொன்னீர்கள். அன்று செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தவன் இன்றுவரை ஒரு வரி எழுதவில்லை. இப்போது எழுதுவதும் சமாதானத்துக்காக இல்லை. ஒரு விஷயம் எனக்குப் புரியவில்லை. புரியாத ஒன்றை வைத்துக்கொண்டு என்னால் வேறு வேலை பார்க்க முடியாது. அந்தக் குணம் உங்களுக்குத் தெரியும்.

போன செவ்வாய்க்கிழமை உங்கள் வீட்டுக்குப் போன் செய்தேன். ஏன் செய்தேன் என்பது இங்கே தேவையில்லை. எடுத்தது நீங்கள்தான், ஏனென்றால் கம்ப்யூட்டர் பேசியது. “வணக்கம், யார் பேசறது?” என்று கேட்டது. ஆனால் அது உங்கள் குரல் இல்லை. மூக்கால் பேசுகிற, எந்த வீட்டிலும் பிறக்காத ஒரு குரல். வைத்துவிட்டேன்.

உங்களுக்குத் தெரிந்ததையே வரிசையாகச் சொல்கிறேன். அப்போதுதான் எனக்கு யோசனை ஓடும். தொண்டை ஆபரேஷனில் உங்கள் குரல் போனது. நீங்கள் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்த காலத்துப் பதிவுகளை எல்லாம் நான் கேட்டு வாங்கினேன். அவற்றைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டி, நீங்கள் கம்ப்யூட்டரில் தட்டுவதை உங்கள் குரலிலேயே பேசும்படி செய்தேன். எத்தனை மாத வேலை என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அந்தக் குரல் பேச்சு மென்பொருளின் பழைய பதிப்பில் மட்டும்தான் ஓடும். புதிய பதிப்பு வந்து உட்கார்ந்தால் என் குரலை அதற்கு அடையாளம் தெரியாது. தன்னுடைய சொந்தக் குரலில் பேச ஆரம்பித்துவிடும்.

உங்கள் கம்ப்யூட்டரை இயக்கும் லினக்ஸ் தினமும் காலையில் புதிய பதிப்புகள் வந்திருக்கின்றனவா என்று தானாகவே பார்த்து, தானாகவே போட்டுக்கொள்ளும். நம்மைக் கேட்காது. அதற்காகத்தான் பேச்சு மென்பொருள் இருக்கும் அந்த ஒரு பேக்கேஜுக்கு மட்டும் “ஹோல்ட்” போட்டேன். மற்றது எல்லாம் மாறட்டும், இதை மட்டும் தொடாதே என்று அதற்குச் சொல்லி வைப்பது. அதை எடுக்க நிர்வாகப் பாஸ்வேர்ட் வேண்டும். அது என் ஒருவனுக்குத்தான் தெரியும்.

அப்படியிருக்க அந்தக் குரல் எப்படி மாறியது? யார் எடுத்தது?

உடனே செய்ய வேண்டியவை: இன்டர்நெட் கேபிளைப் பிடுங்கிவிடுங்கள். மேலும் எதுவும் உள்ளே வரக் கூடாது. பிறகு டெர்மினலைத் திறந்து apt-mark showhold என்று அடித்தால் ஹோல்ட் போட்டவற்றின் பட்டியல் வரும்; திரையில் என்ன வருகிறது என்று பார்த்து எழுதுங்கள். தபாலில் எழுதுங்கள். போனில் அந்த மூக்குக் குரலோடு பேச எனக்கு விருப்பமில்லை. உங்கள் எண்ணை என் மொபைலில் தடுத்து வைத்திருக்கிறேன்; அது அப்படியே இருக்கும்.

இங்ஙனம்,
தங்கள் தம்பி,
எம்.எஸ்ஸி., எம்.ஃபில்.


பிப்ரவரி 9

தம்பி,

கடிதம் வந்தது. உறையில் நீ எழுதியிருந்த முகவரியைப் பார்த்துவிட்டு உன் அண்ணி, “கோர்ட்லேர்ந்தா வந்திருக்கு?” என்று கேட்டாள். இல்லை, அதைவிடக் கண்டிப்பான இடத்திலிருந்து என்று எழுதிக் காட்டினேன்.

நான் எப்போதிலிருந்து உனக்கு “நீங்கள்” ஆனேன்? என் சட்டையைப் போட்டுக்கொண்டு காலேஜுக்குப் போனபோது “நீ”தானே? அப்புறம் அந்தக் கையெழுத்து. “தம்பி” என்பதற்குக் கீழே எம்.எஸ்ஸி., எம்.ஃபில். தம்பியாக இருப்பதற்குப் பட்டம் கேட்கிற அளவுக்கு நான் பெரிய உத்தியோகம் எதுவும் தரவில்லையே. உன் ஜாமெட்ரி பாக்ஸ் மூடியில் நான் ஆணியால் கீறிய பெயரைப் போட்டால் எனக்குப் போதும்.

சொன்னதைச் செய்தேன். நீல நிறக் கேபிள்தானே? அதைப் பிடுங்கியதில் உன் அண்ணி பார்த்துக்கொண்டிருந்த தொடர் பாதியில் நின்றது. கதாநாயகி கதவைத் திறக்கப் போகிறாள். கதவுக்குப் பின்னால் யார் என்று தெரியாமல் இந்த வீட்டில் ஒருத்தி தவிக்கிறாள். அந்தப் பழி உன்னுடையது.

டெர்மினல் என்று நீ சொல்வது அந்தக் கறுப்புப் பெட்டிதானே. நீ எழுதியதை எழுத்து மாறாமல் அடித்தேன். ஒரே ஒரு வரி வந்தது. நம் பேச்சு மென்பொருளின் பெயர். வேறு ஒன்றுமில்லை. மறுபடி அடித்தேன், மறுபடி அதே பெயர்.

அப்படியென்றால் உன் பூட்டு போட்டது போட்டபடி இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

ஒன்று கேட்கிறேன். கோபமாக இருப்பவன் எதற்காகப் போன் செய்தாய்?

அண்ணன்


பிப்ரவரி 13

அண்ணா,

“நீங்கள்” போய்விட்டது. அண்ணியின் தொடருக்கு நஷ்ட ஈடாக வைத்துக்கொள். அந்தப் பெயரைக் காகிதத்தில் எழுதச் சொல்லாதே. கோபம் ஒரு காரணம். வேறொரு காரணமும் இருக்கிறது.

உன் பதில் விஷயத்தை இன்னும் மோசமாக்கிவிட்டது. ஹோல்ட் போயிருந்தால் எவனோ எடுத்தான் என்று முடித்திருப்பேன். இருக்கிறது என்கிறாய். கதவு பூட்டியிருக்கிறது, ஆனால் உள்ளே இருந்தவர் மாறியிருக்கிறார். இது எப்படி நடக்கும்? இரண்டு நாளாக இதே யோசனை. பஸ்ஸில் இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போய் நடந்து வந்தேன்.

நீ புரிந்துகொள்ளும்படி சொல்கிறேன். ஹோல்ட் என்பது உன் ஸ்டேஷன் சிக்னல் மாதிரி. சிவப்பில் இருக்கும் வரை அந்த வண்டி நகராது. ஆனால் சிக்னலையும் மீறி, வேண்டுமென்றே வண்டியை ஓட்டலாம். அதற்கும் பாஸ்வேர்ட் வேண்டும். இது போதாது என்று நான் இரண்டாவதாக ஒரு தடையும் வைத்திருக்கிறேன். எந்தப் பேக்கேஜில் எந்தப் பதிப்புக்கு முதல் இடம் என்று கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும் ஒரு சின்னக் கோப்பு உண்டு. அதில், எத்தனை புதியது வந்தாலும் இந்தப் பழையதே பெரியது என்று எழுதி வைத்திருக்கிறேன். ஒன்று தவறினாலும் மற்றது காக்கும்.

உனக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். பல்கலைக்கழகத்தில் தேர்வு முடிவுகள் ஓடிய சர்வரில் இதே மாதிரி ஒரு பேக்கேஜை நிறுத்தி வைத்திருந்தேன். புதிதாக வந்த அதிகாரி, டை கட்டுவதில் மட்டும் தேர்ச்சி பெற்றவர், “ஏன் சார் எல்லாத்தையும் பூட்டியே வெச்சிருக்கீங்க?” என்று கேட்டுவிட்டு அதை எடுத்தார். மறுநாள் பாதிப் பேர் தாங்கள் எழுதாத பாடத்தில் தேறியிருந்தார்கள். பழி யார் மேல் விழுந்தது? பூட்டியவன் மேல். “நீங்க ஆரம்பத்துலேயே பூட்டாம இருந்திருந்தா பழசுக்கும் புதுசுக்கும் இவ்வளவு இடைவெளி வந்திருக்காது” என்று எனக்கே விளக்கம் சொன்னார்கள். அதிலிருந்து வேலையை விடும்வரை எனக்கு அங்கே “பூட்டு சார்” என்று பெயர். மேம்படுத்துகிறேன் என்று வருகிறவர்கள் எல்லோரும் ஒரே ஜாதி. நம் வீட்டுக்கு விருந்தாளியாக வந்து, நாம் குளிக்கப் போன நேரத்தில் நாற்காலிகளை இடம் மாற்றி வைத்துவிட்டு, “இப்ப வசதியா இருக்குல்ல?” என்று கேட்பவர்கள்.

இதை நான் சொன்னபோது நீ போனில் சிரித்தாய். அப்போது உனக்குச் சொந்தமாகச் சிரிப்பு இருந்தது. எனக்கு நினைவிருக்கிறது.

போகட்டும். தெருமுனைக் கடைக்காரர் யாராவது வந்து கம்ப்யூட்டரைத் தொட்டாரா? அண்ணி தொடர் பார்க்க எதையாவது அமுக்கினார்களா? இப்போது இரண்டு விஷயம் பார்த்து எழுது. பேச்சு மென்பொருளைத் திறந்தால் “இதைப் பற்றி” என்ற இடத்தில் பதிப்பு எண் இருக்கும், அது என்ன? அடுத்து, உன் பெயரில் உள்ள ஃபோல்டருக்குள் “குரல்” என்று ஒன்று வைத்திருந்தேன். அது இருக்கிறதா, காலியா?

தம்பி
(பட்டங்கள் இருக்கின்றன, போடவில்லை.)


பிப்ரவரி 20

தம்பி,

சிரித்தேன்தான். எழுதாத பாடத்தில் தேறியிருந்தார்கள் என்றால் எவன் சிரிக்க மாட்டான்? உன்னைப் பார்த்துச் சிரித்தேன் என்று எடுத்துக்கொண்டு இத்தனை வருடம் வைத்திருக்கிறாயா? நீ பேக்கேஜை மட்டுமா நிறுத்தி வைக்கிறாய்.

விசாரணை முடிவுகள். கடைக்காரர் வரவில்லை. உன் அண்ணி, தான் எதையும் அமுக்கவில்லை என்று சொல்கிறாள். “அவருக்கு எப்பவும் என் மேலதான் சந்தேகம். போன தடவை ஃபேன் ஓடாததுக்கும் நான்தான் காரணம்னாரு” என்கிறாள். உனக்கும் அவளுக்கும் இடையில் நான் வரவில்லை.

பதிப்பு எண் பார்த்தேன். நீ போட்டபோது எதுவோ அதேதான். உனக்கு நினைவில்லை என்றால் அந்த எண்ணும் அதன் கீழே ஒரு வரியும் உன் எழுத்திலேயே மானிட்டர் ஓரத்தில் ஒட்டியிருக்கிறது: “இந்த எண் மாறினால் எனக்குச் சொல்லவும்.” மாறவில்லை. ஃபோல்டர் இருக்கிறது. உள்ளே சின்னச் சின்னத் துண்டுகளாக ஆயிரக்கணக்கில் ஏதோ. ஒன்றைத் தட்டினேன். “தாம” என்றது. இன்னொன்றைத் தட்டினேன். “தமாக” என்றது. பாவம், என்னை இப்படியா வெட்டினாய்.

ஆக, பூட்டு இருக்கிறது. பதிப்பு மாறவில்லை. குரல் பத்திரமாக இருக்கிறது. ஆனால் நான் மூக்கால் பேசுகிறேன். கண்டுபிடி பார்க்கலாம்.

காத்திருக்கும் நேரத்தில் வீட்டுச் செய்தி சொல்கிறேன், நீ கேட்கவில்லை என்றாலும். நீ செய்த குரல் இருந்தவரைக்கும் உன் அண்ணிக்கு ஒரு தொல்லை. சமையலறையில் நின்றுகொண்டு சொல்வாள்: “இவரு தண்ணி கேட்டா, ரயில் வந்துட்ட மாதிரி பெட்டி எங்கேன்னு கை தேடுது.” பக்கத்து வீட்டுக்காரர் ஒரு நாள் கதவைத் தட்டி, “வயித்து வலி எப்படி இருக்கு?” என்று அவளை விசாரித்துவிட்டுப் போனார். அவள் யாரிடமும் சொல்லவில்லை. நான் அவளிடம் கேட்டது மட்டும்தான். தெரு முழுக்கக் கேட்டிருக்கிறது.

போன் எதற்குச் செய்தாய் என்று கேட்டிருந்தேன். பதில் வரவில்லை.

அண்ணன்


பிப்ரவரி 24

அண்ணா,

கண்டுபிடித்துவிட்டேன். உன் கடிதத்தைப் படித்து முடிக்கும் முன்பே தெரிந்துவிட்டது. பிறகு தப்பாக இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டு மறுபடியும் படித்தேன்.

எதுவும் மேம்படவில்லை. யாரும் வரவில்லை. நீ தட்டச்சு செய்யும் திரையின் மூலையில் குரல் தேர்வு என்று ஒரு பட்டியல் இருக்கிறது. மென்பொருளோடு கூடவே வரும் மூக்குக் குரல் அதில் முதலில் இருக்கும். உன் குரலை நான் கடைசியில் சேர்த்தேன். அதை மாற்றப் பாஸ்வேர்ட் வேண்டாம், ஹோல்டுக்கும் அதற்கும் சம்பந்தமும் இல்லை. விரலை வைத்தால் போதும்.

விரலை வைத்தது நீ.

வெளியிலிருந்து வருகிற அத்தனை பேரையும் தடுத்தேன். நான்கு பக்கமும் அடைத்தேன். வீட்டுக்குள்ளே இருப்பவனே எழுந்து போவான் என்று எனக்குத் தோன்றவில்லை.

இதை முதல் கடிதத்திலேயே சொல்லியிருக்கலாமே. என்னை எதற்குக் கேபிள், பதிப்பு எண், ஃபோல்டர் என்று அலைய விட்டாய்? பொழுதுபோக்கா?

போன் எதற்குச் செய்தேன் என்று இரண்டு தடவை கேட்டுவிட்டாய். சொல்கிறேன், உனக்கும் உறைக்கட்டும். அந்தச் செவ்வாய்க்கிழமை ஒரு வேலையாக உன் ஸ்டேஷன் வழியாகப் போனேன். பிளாட்பாரத்தில் நின்றேன். நான் அங்கே நிற்கும்போதெல்லாம் வண்டி வருகிறதோ இல்லையோ, பதிவாக ஓடும் உன் அறிவிப்பு ஒன்றைக் கேட்டுவிட்டுத்தான் நகர்வது. உன்னோடு பேசாத காலத்திலும் அப்படித்தான். அன்று மணி அடித்தது. வேறு யாரோ பேசினார்கள். ஒரு பெண் குரல், மெதுவாக, பல் விளக்கும் விளம்பரத்தில் வருவது போல. உன் பதிவுகளை எடுத்துவிட்டார்கள். அங்கிருந்த சுமை தூக்குபவரிடம் கேட்டேன். “புதுசு போட்டுட்டாங்க சார், நல்லாத்தானே இருக்கு” என்றார்.

அங்கேயும் புதுசு. அப்போதுதான் போன் செய்தேன். வீட்டிலாவது இருக்கிறதா என்று கேட்கத்தான். நீ எடுத்தாய், மூக்கால் பேசினாய்.

இப்போது உன் குரல் உலகத்தில் பேச இடம் இருப்பது அந்த ஒரு கம்ப்யூட்டரில், நான் நிறுத்தி வைத்த அந்த ஒரு பழைய பதிப்பில். அதையும் வேண்டாம் என்று நீ பட்டியலில் மேலே போய் எவனுடைய குரலையோ எடுத்துப் போட்டுக்கொண்டாய்.

ஏன்? திட்டுவதற்காகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரியவில்லை. சொல்.

தம்பி


மார்ச் 3

தம்பி,

பிடித்துவிட்டாய். முதல் கடிதத்துக்கே பதில் சொல்லியிருந்தால் நீ இரண்டாவது எழுதியிருக்க மாட்டாய். உன் கடிதம் எனக்கு வேண்டியிருந்தது. அவ்வளவுதான்.

ஸ்டேஷன் விஷயம் எனக்குத் தெரியும். மாற்றும் முன் மேலாளர் வீட்டுக்கே வந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு, “உங்களுக்கு வருத்தம் இல்லையே?” என்று கேட்டார். வண்டி நேரத்துக்கு வந்தால் சரி என்று எழுதிக் காட்டினேன். உனக்கு வருத்தமாக இருக்கும் என்று தெரியாது. நீ அங்கே நின்று கேட்பாய் என்று யார் நினைத்தது? தெரிந்திருந்தால் சொல்லி அனுப்பியிருப்பேன்.

ஏன் என்று கேட்டாய். நேராகச் சொல்கிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த அன்று, அந்த அறிவிப்பு அறையில் எனக்கு முன்பு இருந்தவர் ஒரே ஒரு விஷயம்தான் சொல்லிக் கொடுத்தார். குரலில் எதுவும் தெரியக் கூடாது. வண்டி நேரத்துக்கு வந்தாலும் தடம் புரண்டாலும் ஒரே மாதிரி படி. உன் குரல் ஆடினால் கூட்டம் ஓடும். அதைப் பழக எனக்கு வெகுகாலம் பிடித்தது. பழகினேன். அந்த அறைக் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்ததும் அதைக் கழற்றி வைத்துவிடுவேன். வீட்டில் நான் எப்படிப் பேசுவேன் என்று உனக்குத் தெரியாதா? பாதி வார்த்தையை விழுங்குவேன். கேட்கும்போதே சிரிப்பேன். உன் அண்ணியிடம் சண்டை போட்டால் கடைசி வாக்கியம் முணுமுணுப்பாகத்தான் வரும்.

நீ வாங்கி வந்த பதிவுகளில் அந்த ஆள் ஒரு தடவைகூட வரவில்லை. வந்தது அறிவிப்பாளர் மட்டும். அவரை வெட்டி ஒட்டி உயிர் கொடுத்து வீட்டுக்குள் கொண்டுவந்து உட்கார வைத்தாய். உன் வேலையில் குற்றமே இல்லை. அச்சாக அவரேதான். அவரோடு குடித்தனம் பண்ணத்தான் முடியவில்லை.

அன்றைக்கு வந்தவர்களை நினைத்துப் பார். உன் பழைய ஆபீஸ் நண்பர்களை அழைத்து வந்திருந்தாய். “ஏதாவது பேசுண்ணா” என்றாய். பேசினேன். அவர்கள் கை தட்டினார்கள். தடித்த கண்ணாடி போட்டவர், “இன்னொரு தடவை சொல்லச் சொல்லுங்க” என்று கேட்டார். உன்னிடம் கேட்டார், என்னிடம் இல்லை. நீயும் என் பக்கம் திரும்பி, “இன்னொரு தடவை” என்றாய். அப்போதுதான் கிளம்பு என்று அடித்தேன். கோபம் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவ்வளவு இல்லை. தொண்டை இருந்திருந்தால், “கெளம்புடா டேய்” என்று சொல்லி முதுகில் ஒரு தட்டுத் தட்டியிருப்பேன். நீயும் முறைத்துவிட்டு மறுநாள் வந்திருப்பாய். மீதிக் கோபத்தை அந்தக் குரல் போட்டது. நீ எழுந்து போனபோது பின்னாலேயே, இருடா என்று அடித்தேன். அதையும் அறிவித்தது. நீ கேட்டைத் தாண்டிவிட்டாய்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண்ணின் கம்ப்யூட்டரில் இதே மென்பொருளின் புதிய பதிப்பு இருக்கிறது. அதில் ஒரு குரல் இருக்கிறது. என்னுடையது இல்லை, யாருடையதோ. ஆனால் மெல்லப் பேசு என்றால் மெல்லப் பேசுகிறது. கேள்வி கேட்டால் கேள்வியாகவே கேட்கிறது. வாக்கியத்தின் நடுவில் சிரிப்பு வைக்கலாம். நான் உன் அண்ணி காதருகில் அதன் ஸ்பீக்கரை வைத்து, “போலாமா?” என்று ரகசியமாகக் கேட்டேன். அவள் சிரித்துவிட்டாள். ஆபரேஷனுக்குப் பிறகு என்னால் அவளிடம் ரகசியம் பேச முடிந்தது அப்போதுதான்.

வீட்டுக்கு வந்து அதைப் போடப் பார்த்தேன். இந்தப் பேக்கேஜ் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது என்று சொல்லிவிட்டது. அதற்கு மேல் போக வேண்டுமென்றால் பாஸ்வேர்ட். உன் பிறந்த நாள் போட்டேன். இல்லை. அம்மா பெயர். இல்லை. உன் காலேஜ் பெயர், உன் பட்டம், “பூட்டு”. எதுவும் இல்லை. பிறகுதான் கையில் இருப்பதிலேயே எனக்குச் சம்பந்தமில்லாத குரலைத் தேர்ந்தெடுத்தேன். மூக்கால் பேசினாலும் அவன் எனக்கு அந்நியன். அவன் செய்யும் தப்புக்கு என்னை யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

இரண்டில் ஒன்று செய். வந்து எடுத்துவிடு. இல்லையென்றால் பாஸ்வேர்டை எழுதி அனுப்பு. எடுத்தால் நீ செய்தது இந்த வீட்டில் இனிமேல் ஓடாது என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்கிறேன். முடியாது என்றாலும் எழுது. இவனோடு காலம் தள்ளிக்கொள்கிறேன்.

அண்ணன்


மார்ச் 16

அண்ணா,

இந்தக் கடிதத்தை நாலு விதமாகத் தொடங்கிக் கிழித்துப் போட்டேன். முதலாவதில் நீ நன்றி கெட்டவன். இரண்டாவதில் அந்தத் தடித்த கண்ணாடிக்காரர். மூன்றாவதில் அவரை அழைத்து வந்ததற்கு என் பக்கத்து நியாயங்கள்; அவை இப்போதும் நியாயங்கள்தான், எழுதப் பிடிக்கவில்லை. நாலாவதில் முடியாது என்று ஒரே வார்த்தை. அதைக் கிழிக்கத்தான் அதிக நேரம் ஆயிற்று.

கிழித்துவிட்டு, நீ சொல்லும் புதிய பதிப்பு அப்படி என்னதான் செய்கிறது என்று பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். என் கம்ப்யூட்டரில் ஒரு பக்கம் பழையதும் என்னிடம் பிரதியாக இருந்த உன் குரலும், இன்னொரு பக்கம் புதியதும் அந்த யாரோ ஒருவருடைய குரலும். முதலில் புதியதில் என் குரலை ஏற்ற முடியுமா என்று பார்த்தேன். ஒரு வாரம் பார்த்தேன். முடியாது. அமைப்பையே மாற்றியிருக்கிறார்கள், வழக்கம் போல யாரையும் கேட்காமல்.

பிறகு இரண்டிலும் ஒரே வாக்கியங்களைக் கொடுத்துக் கேட்டேன். “தண்ணி கொடு.” உன் குரலில் கேட்டபோது, அண்ணி சொன்னது போல, நான் எழுந்தேவிட்டேன். “வலி எப்படி இருக்கு?” பக்கத்து வீட்டுக்காரர் மேல் தப்பில்லை. “கிளம்பு.” இதைப் பல தடவை கேட்டேன். என்னிடம் உள்ள உன் பதிவுகளில் அந்தச் சொல்லின் துண்டுகள் எல்லாம் ஒரே மாதிரி அறிவிப்பிலிருந்துதான் வந்திருக்கின்றன: இந்த வண்டி இன்னும் சிறிது நேரத்தில் கிளம்பும். அதற்கு வேறு விதமாகச் சொல்லத் தெரியாது. புதியதில் நீ எழுதியிருந்தபடியே “கெளம்புடா டேய்” என்று அடித்து, நடுவில் சிரிப்பை வைத்தேன். யாரோ ஒரு அந்நியன்தான் பேசினான். இருந்தாலும் நான் எழுந்து போகவில்லை.

கடைசியாக இன்னொன்று அடித்தேன். நீ ஜாமெட்ரி பாக்ஸ் மூடியில் கீறிய பெயரை. வீட்டில் வேறு யாருக்கும் அந்த உரிமை இல்லை. நீ மட்டும்தான் கூப்பிடுவாய். உன் குரல் அதைச் சொன்னபோது ஏதோ ஒரு வண்டியின் பெயர் போல இருந்தது. எந்தப் பிளாட்பாரம் என்று அடுத்து வரும் என்று காத்திருந்தேன். புதியவன் சொன்னபோது, அடுத்த அறையிலிருந்து யாரோ கூப்பிட்டது போல இருந்தது. கதவுப் பக்கம் பார்த்தேன். இதைப் பற்றி மேலே எழுதுவதற்கு ஒன்றுமில்லை.

செய்ய வேண்டியவை. வரிசை மாறக் கூடாது.

முதலில், “குரல்” ஃபோல்டரை ஒரு பென்டிரைவில் எடுத்து அலமாரியில் வை. கேட்பதற்காக இல்லை, இருக்கட்டும். என்னிடமும் ஒரு பிரதி ஓடுகிறது. என் வீட்டில் அது பழைய பதிப்பிலேயே நிற்கும். எனக்குக் கேட்க வேண்டும் போல இருந்தால் நான் கேட்டுக்கொள்கிறேன். அதைக் கேட்டுப் பெட்டி தேட இங்கே யாரும் இல்லை.

பிறகு கேபிளை மாட்டு. அண்ணியின் கதாநாயகி கதவைத் திறந்துகொள்ளட்டும்.

இதோடு ஒரு துண்டுச் சீட்டு வைத்திருக்கிறேன். அதில் உள்ள முதல் வரி, பழையதே பெரியது என்று சொல்லும் அந்தக் கோப்பை எடுத்துவிடும். இரண்டாவது வரியில் apt-mark unhold என்று தொடங்கிப் பேக்கேஜின் பெயர் இருக்கும். அது ஹோல்டை எடுத்துவிடும். மூன்றாவது வரி புதிய பதிப்பை உள்ளே கொண்டுவரும். “தொடரலாமா?” என்று ஒரு தடவை கேட்கும். தொடரலாம் என்று சொல். திரையில் ஏகப்பட்ட வரிகள் ஓடும், பயப்படாதே. நின்றதும் பட்டியலில் உனக்குப் பிடித்தவனைத் தேர்ந்தெடு. பிறகு என்னைக் கூப்பிடு. உன் எண்ணுக்குப் போட்டிருந்த தடையை எடுத்திருக்கிறேன்.

மானிட்டர் ஓரத்தில் நான் ஒட்டியதைக் கிழித்துவிடு. எண் மாறினால் இனி எனக்குச் சொல்ல வேண்டாம்.

பாஸ்வேர்ட். முதல் வரியை அடித்ததுமே கேட்கும். நீ எதையெல்லாமோ போட்டுப் பார்த்திருக்கிறாய். என் பட்டத்தைக்கூடப் போட்டிருக்கிறாய். அதைப் போடத் தோன்றவில்லையா? மூடியில் நீ கீறிய அதே ஆங்கில எழுத்துகள், சிறிய எழுத்தில், நீ செய்த பிழையோடு. பின்னால் எண்ணோ குறியோ கிடையாது. மிகவும் பலவீனமான பாஸ்வேர்ட். வேறு யாராவது வைத்திருந்தால் கூப்பிட்டு வைத்துத் திட்டியிருப்பேன்.

பேனா இப்போது தாளின் அடியில் நிற்கிறது. பட்டங்களைப் போட்டால் அண்ணியிடம் காட்டிச் சிரிப்பாய். வெறும் “தம்பி” என்று போட்டால் நீ கேட்டதைக் கொடுக்காதது போல இருக்கிறது. போட வேண்டிய பெயர் எனக்குத் தெரியும். ஆனால் பாஸ்வேர்டைத் தாளில் எழுதித் தபாலில் போடும் வழக்கம் இன்றுவரை எனக்கு இல்லை, உனக்காக அதை மாற்றிக்கொள்ளப் போவதும் இல்லை. ஆகையால் இதைக் கையெழுத்து இல்லாமலே தபாலில் சேர்க்கிறேன்.